உள் தழும்பு

சுண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. டைப்பக்கா பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, வயித்துல பாப்பா இருக்கற ஆன்ட்டி ஒருத்தங்க வந்திருக்காங்க!" என்று ஆறு வயது வாய் கூவியது. எட்டிப் பார்த்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலில் பட்டன் நின்றுகொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்து, சட்டைக் காலர் கருகி நாற்றம் வந்த பிறகுதான் டைப்பக்காவுக்கு உயிரே வந்தது.

பட்டன் ஒரு துணி ஃபேக்டரியில் சட்டைகளுக்குப் பட்டன் தைக்கிறவள். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் அது. சுண்டுவைப் பத்து மாதம் சுமந்து பெற்றவள் அவள்தான். கரு டைப்பக்காவுடையதும் அவள் கணவனுடையதும். டைப்பக்காவின் வயிற்றில் அது மூன்று தடவை தங்காமல் போனது. நான்காவது தடவை பட்டனின் வயிற்றில் தங்கியது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அவ்வளவுதான் என்று சட்டத்திடம் சொல்ல முடியுமா?

அப்போது இதற்கென்று சட்டமே கிடையாது. யார் யாருக்குச் சுமந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. ஒப்பந்தம் எழுதிக்கொண்டவர்களும் உண்டு. அது செல்லாது என்று ஒரு நீதிபதி சொன்னார். தாராளமாகச் செல்லும் என்று பக்கத்து அறையிலிருந்த நீதிபதி சொன்னார். இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று தரகம்மா ஒருத்தி குறுக்கு வழி காட்டினாள். சுமக்கிறவளை, பிள்ளை வேண்டியவளின் பெயரிலேயே நர்ஸிங் ஹோமில் சேர்த்துவிடுவது. டைப்பக்கா தன் அடையாள அட்டையைக் கொடுத்தாள், பட்டன் அதைக் காட்டிப் படுத்தாள். பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் தானாகவே டைப்பக்காவின் பெயராக விழுந்தது. "அவ பேரை மட்டும் நீ கேட்டுக்காத. நாளைக்கு யாராவது வந்து கேட்டா, தெரியாதுன்னு சத்தியமே பண்ணலாம்" என்றாள் தரகம்மா. நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பிறகு சட்டம் வந்தது. சுமப்பவள் சொந்தப் பெயரில்தான் பதிய வேண்டும். பெற்றவள்தான் தாய், அவள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, இதற்கென்று அமைத்த அரசுக் கமிட்டி ஆணை கொடுத்தால்தான் குழந்தை மற்றவளுக்குச் சொந்தம். பழைய கேஸ்களுக்கு ஒரு வருஷம் கெடு கொடுத்தார்கள். ஒளிக்காமல் மனுப் போட்டால் தண்டனை இல்லை. கெடு தாண்டிப் பிடிபட்டால் ஆள்மாறாட்ட வழக்கு. குழந்தையைக் காப்பகத்தில் வைத்துவிட்டுத்தான் விசாரணையே.

இதெல்லாம் டைப்பக்காவுக்கு மனப்பாடம். கோர்ட் வாசலில் மனு டைப் அடித்துக் கொடுப்பதுதான் அவள் தொழில், பெயரும் அதனால் வந்ததுதான். அந்த ஒரு வருஷத்தில் நாற்பத்தொரு பேருக்கு இந்த மனுவை அடித்துக் கொடுத்தாள், ஒரு எழுத்துப் பிழை கிடையாது. தன்னுடையதை மட்டும் அடிக்கவில்லை. ஒன்பதாவது பத்தி அவளை அடிக்கவிடவில்லை. 'பெற்றவரை நேரில் அழைத்து, குழந்தையைத் தாமே வளர்க்க விரும்புகிறாரா எனக் கேட்கப்படும்.' விரும்புகிறேன் என்று பட்டன் சொல்லிவிட்டால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து கெடுவைக் கோட்டை விட்டாள். அன்றிலிருந்து வாசல் மணி அடித்தால், சுண்டுவை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் கதவைத் திறப்பாள்.

"உள்ள போய் விளையாடு" என்று சுண்டுவை விரட்டிவிட்டு, அறைக் கதவைச் சாத்தி, அதன் மேலேயே சாய்ந்துகொண்டு நின்றாள். பட்டன் நாற்காலியைப் பிடித்துப் பிடித்து உட்கார்ந்தாள். கண் அந்தக் கதவையே பார்த்தது.

"முன் பல்லு விழுந்துடுச்சா, அக்கா?"

"ம்."

"பயப்படாதீங்க. நான் ஒண்ணும் கேக்க வரல. ஒரு பேப்பர் இருக்கான்னு பாக்கத்தான் கோர்ட் வாசல்ல விலாசம் விசாரிச்சு வந்தேன்." பட்டன் மூச்சு வாங்கியபடி வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இது எங்க வீட்டுப் புள்ள. எனக்கும் கல்யாணம் ஆயிடுச்சு. பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய பிரசவ ஆஸ்பத்திரி இருக்குல்ல, அங்கதான் காட்டறேன். டாக்டரம்மா போன தடவை ஆபரேஷன் பண்ண தழும்பைப் பாத்தாங்க. கீழ குறுக்கால சின்னதாத்தான் இருக்கு, சுகப்பிரசவத்துக்கே விட்டுப் பாக்கலாம்னாங்க. ஆனா பழைய பேப்பர் இருந்தா கொண்டு வரச் சொன்னாங்க. அந்த நர்ஸிங் ஹோம்தான் இழுத்து மூடிட்டாங்களே."

"அவங்ககிட்ட என்ன சொல்லி வெச்சிருக்க?"

"மொதப் புள்ள தவறிடுச்சுன்னு சொன்னேன். வேற என்னக்கா சொல்றது? உங்களுக்குத் தொந்தரவு வந்துடக் கூடாதுல்ல."

தவறிடுச்சு. கதவுக்குப் பின்னால் சுண்டு பொம்மைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

நர்ஸிங் ஹோம் கொடுத்த அந்தக் காகிதம் அலமாரியில், குளிர்காலத் துணிகளுக்கு அடியில் இருந்தது. மேலே டைப்பக்காவின் பெயர், வயது, விலாசம். கீழே பட்டனின் உடம்பு. அதை எடுத்து ஒரு டாக்டர் கையில் கொடுப்பதும், கமிட்டியை வீட்டுக்குக் கூப்பிட்டு நாற்காலி போடுவதும் ஒன்றுதான்.

"வீடு மாறினப்பவே தொலைஞ்சு போச்சும்மா" என்றாள் வாய் கூசாமல்.

பட்டன் நம்பிவிட்டாள். "சரிக்கா. டாக்டரம்மா கெட்டிக்காரங்க, பாத்துப்பாங்க." தண்ணீர் வாங்கிக் குடித்தாள். எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "நாள் இன்னும் ரெண்டு வாரம் கெடக்கு. ஆனா விடிகாலைலேர்ந்து விட்டு விட்டுக் கடுக்குது. நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

அவள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, டைப்பக்கா அலமாரியைக் குடைந்தாள். கிழித்துவிட வேண்டும், சுக்கு நூறாக. இந்தக் காகிதம் இருக்கிறவரை நிம்மதி இல்லை. மடிப்பைப் பிரித்தவள் கிழிப்பதற்கு முன் படித்தாள். எழுத்தைக் கண்டால் படிப்பது தொழில் புத்தி.

'குழந்தை குறுக்காகக் கிடந்ததால் கருப்பை செங்குத்தாகத் திறக்கப்பட்டது. வெளித் தழும்பு குறுக்கானது. உள் தழும்பு நெடுக்கானது. அடுத்த பிரசவத்தில் வலி எடுக்க விடக்கூடாது. தையல் பிரிந்து தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து.'

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதைப் படித்திருக்கிறாள். பெயர் தன்னுடையது, உடம்பு தன்னுடையது இல்லை, நமக்கென்ன என்று மடித்து வைத்துவிட்டாள். சற்று முன் பொய் சொன்னபோது இந்த வரி நினைவில் இல்லை என்று இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது நிஜமா என்று அவளுக்கே தெரியாது. நிஜமில்லாவிட்டால் தான் யார் என்று நினைத்தபோது, கமிட்டியை நினைத்ததைவிட அதிகமாகப் பயந்தாள்.

இருந்தாலும் தப்பிக்க ஒரு வழி தோன்றியது. கம்ப்யூட்டரைத் திறந்தாள். இதே வாசகம், இதே தேதி, பட்டனின் பெயரில் புதிதாக ஒரு காகிதம். பத்து நிமிஷ வேலை. 'நோயாளியின் பெயர்' என்று அடித்தாள். விரல் நின்றுவிட்டது.

பட்டனின் பெயர் அவளுக்குத் தெரியாது.

தன் பிள்ளையைப் பெற்றவளின் பெயர் தெரியாது. அடக் கடவுளே என்று வாய்விட்டே சொன்னாள். கணவனுக்கு ஃபோன் போட்டாள். அவன் எங்கோ ஏணி மேல் நின்று ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான்.

"இதக் கொண்டு போய்க் குடுத்தா சுண்டுவத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றாள். அழுகையில் பாதி வார்த்தைகள் முழுங்கிப் போயின.

"குடுக்கலேன்னா அந்தப் பொண்ணு?" என்றான்.

சுண்டுவை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆளில்லை. இழுத்துக்கொண்டு கிளம்பினாள். வாடகை வண்டி பாலத்தில் மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு லாரி சக்கரம் கழன்று சவமாகக் கிடந்தது. டைப்பக்கா இறங்கி, பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்தபடி ஓடினாள். "எங்கம்மா போறோம்?" என்று சுண்டு நாலு தடவை கேட்டாள். எங்கே போகிறோம்? உன்னைப் பிடுங்கிக்கொள்ளப் போகிற இடத்துக்கு நானே உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். அதைப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா? பற்களைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இருந்தவர் தலை நிமிரவில்லை. "பேஷன்ட் பேரு?"

"தெரியாதுங்க. இப்பதான் வந்திருப்பாங்க, இடுப்பு வலியோட."

"இங்க வர்றவங்க எல்லாருமே இடுப்பு வலியோடதாம்மா வர்றாங்க. வீட்டுக்காரர் பேரு?"

"தெரியாது."

இப்போது நிமிர்ந்தார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

ஒன்றுவிட்ட சித்தப்பாவின் மச்சினிக்குக்கூட முறை சொல்லிவிடும் பாஷையில், இதற்கு ஒரு சொல் இல்லை. கவுன்ட்டர்க்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எதிரே நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் கதவுகள், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ முனகிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேரில் அவளை எப்படிக் கண்டுபிடிப்பது? அவள் பெயர் தெரியாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டவளே இவள்தானே.

"பட்டன்!" என்று கத்தினாள். காவலாளி ஓடி வந்தார். "பட்டன்! பட்டன்!" பயந்துபோன சுண்டுவும் சேர்ந்து கத்தினாள். மூன்றாவது கதவுக்குப் பின்னாலிருந்து, வலியில் பிசிறிய குரல் வந்தது. "அக்கா?"

டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்தார். "இது என்ன சந்தைக்கடையா?"

டைப்பக்கா காகிதத்தை நீட்டினாள். டாக்டரம்மா பிடுங்கிப் படித்தார். முகம் மாறியது. "இது யாரோட பேப்பர்? இந்தப் பேரு..."

"பேரு என்னோடது, டாக்டர். வயிறு அவளோடது."

"அவங்க மொதக் குழந்தை தவறிடுச்சுன்னாங்களே?"

டாக்டரம்மாவின் கண் இடுப்பிலிருந்த சுண்டுவின் மேல் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த நொடி திரும்பி, "தியேட்டர் ரெடி பண்ணுங்க, இப்பவே!" என்று கத்தினார். கதவு மூடிக்கொண்டது. காகிதம் அவர் கையோடு போய்விட்டது.

ஒரு மணி நேரம் டைப்பக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுண்டு மடியிலேயே தூங்கிப்போனாள். அவளை யாராவது தொட்டுவிடுவார்களோ என்று, கடந்து போகிற ஒவ்வொரு வெள்ளைக் கோட்டுக்காரரையும் பார்த்துப் பார்த்து இறுக்கிக்கொண்டாள். ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தாள். இரண்டு தடவையும் அந்தக் கதவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ரெண்டு உசுரும் நல்லா இருக்கு. உள்ள பழைய தையல் வெங்காயத் தோல் மாதிரி இருந்துதும்மா. இன்னும் அரை மணி போயிருந்தா..." முடிக்கவில்லை. "நான் கமிட்டிக்கு எழுதித்தான் ஆகணும். எனக்கும் சட்டம் இருக்கு."

"தெரியும்" என்றாள் டைப்பக்கா. அந்த விதியின் எண்ணைக்கூட அவளால் சொல்ல முடியும்.

மறுநாளே கமிட்டியிலிருந்து ஆள் வந்தார். தானாக முன்வந்து சொன்னதால் பத்து நாள் தருவதாகச் சொன்னார். அதற்குள் பெற்றவளும் சேர்ந்து கையெழுத்திட்ட மனு வந்தால் பரிசீலிப்பார்களாம். வராவிட்டால் குழந்தை காப்பகத்துக்கு. பரிசீலித்து என்ன முடிவு எடுப்பார்கள் என்பதற்கு அவர் பொறுப்பில்லையாம்.

நான்காம் நாள் மதியம் டைப்பக்கா பட்டனின் கட்டிலருகே மடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தாள். சுண்டு தொட்டிலுக்குள் விரலை விட்டு, புதுக் குழந்தை அதைப் பிடிக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேப்பாங்க." டைப்பக்காவின் குரல் இறங்கிப் போயிருந்தது. "புள்ள வேணுமான்னு."

பட்டன் தொட்டில் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக எதற்குப் பயந்து ஒளிந்தாளோ அது இதோ, ஒரு கட்டில் தூரத்தில் இருந்தது.

"எனக்கு ஒண்ணு வேணும்க்கா" என்றாள் பட்டன்.

டைப்பக்கா கம்ப்யூட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள உங்களோடதுதான். சுமக்கும்போதே தெரியும், அவங்க கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன். ஆனா அத்தனை பேர்கிட்டயும் செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன். சொல்றப்பல்லாம் வயிறு எரியும். பெத்தேன், உசுரோட இருக்குன்னு ஒரு எடத்துலயாவது எம் பேரப் போட்டு எழுதியிருக்கணும்."

டைப்பக்கா மனுவின் முதல் பத்திக்குப் போனாள். 'பெற்றவரின் பெயர்' என்ற இடம் காலியாக இருந்தது.

"சொல்லும்மா."

"எதச் சொல்ல?"

"உன் பேரை."

பட்டன் அவளையே பார்த்தாள். "அப்ப உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

வெட்கத்தில் டைப்பக்காவின் காது மடல்கள் எரிந்தன. தெரியாது என்று தலையை ஆட்டினாள். பட்டன் முழுப் பெயரையும் சொன்னாள், அப்பா பெயரோடு சேர்த்து, நிறுத்தி நிறுத்தி. கமிட்டியை நினைத்துக்கொண்டே டைப்பக்கா அடித்தாள். நாற்பத்தொரு மனுவில் விழாத பிழை இதில் விழுந்தது, இரண்டு எழுத்து. அழித்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லும்படி கேட்டாள்.