ஆணிக்கு இரண்டு டோக்கன்

விடிந்தும் விடியாத நேரத்திலேயே சலவைக்கூடத்தில் எந்திரங்கள் சுற்றத் தொடங்கிவிட்டன. விடுதிகளில் யார் யாரோ படுத்துப் புரண்ட விரிப்புகளெல்லாம் வந்து குவிவது இங்கேதான். ஈர விரிப்பை உதறி, இருவர் இரு முனை பிடித்து, சுடுகிற உருளைக்குள் கொடுக்க வேண்டும். விரல் ஓர் அங்குலம் கூடுதலாகப் போனால் தோல் விரிப்போடு போய்விடும். அந்த உருளையில் ஒரு காலத்தில் ஒருத்திக்கு ஈடு கிடையாது. அவளுக்கு மின்னல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த மின்னல்தான் இன்று, மற்றவர்கள் வியர்வையில் குளித்துக்கொண்டிருக்க, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நடுங்கியபடி நின்றாள்.

"இது நாலாவது பாட்டில்டி," என்றாள் எதிர்முனை பிடித்திருந்த குண்டூசி. ஆளும் ஒல்லி, வாயும் கூர்மை. "வயித்துக்குள்ள என்ன, கிணறா வெட்டி வச்சிருக்கே?"

"எவ்வளவு குடிச்சாலும் நாக்கு ஒட்டிக்குது. குடிச்சது உடனே வெளியே போகணும்னு நிக்குது. நான் என்ன செய்ய?"

"செய்யறதுக்கு என்ன இருக்கு? இந்தா, என் டோக்கன். ஓடு."

கழிப்பறைக்குப் போகவும் அங்கே டோக்கன் வேண்டும். மனிதர் மூத்திரத்துக்குக்கூட அளவு வைத்த மகாராசன் அந்த முதலாளி. சுவரில் ஆளுக்கு ஓர் ஆணி, ஆணிக்கு ஒரு நம்பர், அதில் ஒரு நாளைக்கு இரண்டு டோக்கன் தொங்கும். வாசலில் காவலாளி அதை வாங்கி நோட்டில் நம்பரைக் குறித்துக்கொள்வார். முகத்தைப் பார்க்க மாட்டார், நல்ல மனுஷன். டோக்கனைக் கைமாற்றினால் வேலை போய்விடும். ஆனாலும் இரண்டு மாதமாக முப்பது பெண்கள் தங்கள் அவசரத்தை அடக்கிக்கொண்டு, முறைவைத்து மின்னலுக்குக் கொடுத்துவந்தார்கள். தினமும் முதல் ஆளாகத் தன் இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தவள் அவளுடைய கூடப்பிறந்த அக்கா. அந்தப் பகுதிக்கு சூப்பர்வைசரும் அவள்தான்.

எல்லாம் மூட்டை விழுந்த நாளில் தொடங்கியது. தலைக்கு மேல் தண்டவாளத்தில் ஓடும் ஈரத்துணி மூட்டை, கொக்கி கழன்று நேராக மின்னலின் உச்சந்தலையில் இறங்கியது. கொக்கி தேய்ந்துவிட்டதென்று மூன்று தடவை சொல்லியும் மாற்றியிருக்கவில்லை. அவள் கண் திறந்தபோது தலை அக்காவின் மடியில் இருந்தது. முதலாளி தன் காரிலேயே ஏற்றிப்போய், தனக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்டினார். லேசான அதிர்ச்சிதான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார் அந்த டாக்டர். அடடா, முதலாளிக்கு எவ்வளவு நல்ல மனசு என்று வீட்டில் எல்லோரும் உருகிப்போனார்கள்.

சரியாகவில்லை. தாகம், குளிர், நாலு படி ஏறினால் உயிர் போகிற களைப்பு. மாதவிலக்கும் நின்றுபோயிற்று. தூங்குமூஞ்சி என்றார் முதலாளி. அவளே தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டாள். முந்தாநாள்தான் பெரிய மருத்துவமனை டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் பார்த்துவிட்டு உடைத்துச் சொன்னார்.

"மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கும்மா. உடம்போட முக்கால்வாசி ஹார்மோனை நடத்துறது அதுதான். தலையில பட்ட அடி அதைப் பாதிச்சிருக்கு. இது சோம்பேறித்தனம் இல்ல, நோய். மருந்துக்குக் கட்டுப்படும். ஆனா நீங்களா நிறுத்திடக் கூடாது, உசிருக்கே ஆபத்து."

சோம்பேறித்தனம் இல்லை என்று கேட்டதும் அங்கேயே ஓவென்று அழுதுவிட்டாள். கையில் கொடுத்தது பத்து நாள் மாத்திரை. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும், தாகம் உடனே அடங்காது என்றும் சொன்னார். வேலையிடத்தில் நடந்த விபத்தென்று கம்பெனி எழுதிக் கொடுத்தால்தான் மேற்கொண்டு மருந்தும் பரிசோதனையும் தொழிலாளர் காப்பீட்டில் கிடைக்கும்.

டீ வேளையில் முதலாளியின் கண்ணாடி அறைக்குப் போய்க் கேட்டாள். முதலாளி விபத்துப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

'வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடி.' கீழே சாட்சிக் கையெழுத்து. கடைசி எழுத்தை நீட்டிச் சுழிக்கும் அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? பள்ளிக்கூட நாளில் அவளுடைய ரிப்போர்ட் கார்டில் அம்மாவுக்குப் பதிலாகப் போட்ட கையெழுத்தாயிற்றே! தேதி, மூட்டை விழுந்த அதே நாள்.

"சரி, அது போகட்டும்." முதலாளி டோக்கன் நோட்டைத் தட்டினார். "ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை போறேன்னு சொல்றே. உன் நம்பருக்கு ரெண்டுக்கு மேல இல்லையே. இதுல வியாதி எங்கேம்மா இருக்கு?"

காப்பாற்றக் கொடுத்த டோக்கனே கழுத்தை அறுத்துவிட்டது. வெளியே வந்தாள். உருளைக்குப் பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள்.

"நீயாக்கா?"

அக்கா நிமிரவில்லை. "வீட்டுக் குளியலறையில விழுந்ததா எழுதினா உன்னை வேலையை விட்டு நிறுத்த மாட்டேன்னாருடி. என்னையும் நிரந்தரமாக்கறேன்னாரு. ரெண்டு நாள்ல சரியாயிடும்னுதானே நெனச்சேன்..."

"ரெண்டு மாசமா டோக்கன் கொடுத்தியே, அப்பவாவது வாயைத் திறக்கணும்னு தோணலையா?"

அக்கா ஒரு விரிப்பை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். முதலாளி ஏமாற்றியதுகூடப் பெரிதில்லை. அந்த ஆளிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? அவள் தலையை மடியில் ஏந்திய கையே போய் எழுதிவிட்டு வந்திருக்கிறதே! அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கண்ணாடி அறையில் பேசியதிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த குண்டூசி சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். உருளை நின்றது.

"ரெண்டு மாசம் திருட்டுத்தனமா கொடுத்தோம். வாங்க, இப்ப நேரா போய்ச் சொல்லிடுவோம்."

"வேலை போயிடும்டி," என்றாள் ஒருத்தி.

"போகட்டுமே. நாளைக்கு அந்தக் கொக்கி உன் தலையில இறங்கும். அப்பவும் குளியலறைன்னுதான் எழுதுவாங்க."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கொக்கி இன்னும் மாற்றப்படவில்லை.

கண்ணாடி அறையில் நிற்க இடமில்லாமல் போயிற்று.

"ஏழாம் நம்பர் என்னோடது முதலாளி. ஆனா போனது இவ," என்று குண்டூசி மிச்சமிருந்த டோக்கனை மேசையில் வைத்தாள்.

"பன்னெண்டு என்னோடது. போனது இவ."

"இருபத்தொண்ணும் அப்படித்தான்."

முதலாளியின் முகம் சிவந்தது. "டோக்கன் மாத்தினா என்ன ஆகும்னு தெரியுமில்ல? யாரு தூண்டிவிட்டது உங்களை?"

"மூத்திரப்பைதான் முதலாளி."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"முப்பது பேரையும் நிறுத்துங்க," என்றாள் குண்டூசி. "இல்லேன்னா விபத்தை நடந்தபடி எழுதுங்க, கொக்கியை மாத்துங்க. அதுவரைக்கும் உருளை சுத்தாது."

"அதையும் பார்த்துடலாம்," என்று முதலாளி போனை எடுத்தார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். உள்ளங்கையில் இரண்டு டோக்கன். "என்னோடதும்..." என்று தங்கையிடம் நீட்டினாள்.

மின்னல் வாங்கவில்லை.

"டோக்கன் போதும். அந்தக் கையெழுத்தை அடிச்சுட்டு நடந்ததை எழுது. அப்புறம் அக்கான்னு கூப்பிடறேன்."

பதிவேடு மேசையில் விரிந்துதான் கிடந்தது. அக்கா அதைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள், அசையாமல் நின்றாள்.

மின்னலுக்கு அடிவயிறு முட்டியது. டோக்கன் எதையும் எடுக்காமல் கழிப்பறை வாசலை நோக்கி நடந்தாள். காவலாளி பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். பிறகு அந்தக் கையாலேயே கதவைத் திறந்துவிட்டார்.

"இருடி, நானும் வரேன்," என்று பின்னாலிருந்து குண்டூசி கத்தினாள். "ரெண்டு மாசமா அடக்கி வச்சிருக்கேன்!"