பசுவந்தனைக்குப் போட்ட பூட்டு

மழை வெறித்த காலையில் லிங்கராஜ் பசுவந்தனை ஊர் முழுவதையும் திருடர்களாக்கினான். ஆக்கியபோது அவன் கோவில்பட்டியில் ஒரு டீக்கடையில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். வேலை தானாக நடந்தது. தானாக நடக்க வேண்டும் என்றுதானே அத்தனை பாடும்.

விதைக்கடை சண்முகராஜ் அண்ணாச்சியிடம் விதைப்புக் கலப்பை பூட்டிய டிராக்டர்கள் சில உண்டு. மழை பெய்ததும் வாடகைக்குப் போகும். போனில் பதிவு வைத்திருந்த காலத்தில், ‘நான்தான் முதல்ல சொன்னேன்’ என்று கடை வாசலில் சட்டைகள் கிழிந்தன. அதனால் லிங்கராஜ் ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான். முந்திப் பதிந்தவருக்கு முதல் வண்டி. போன் செய்கிறவர்களுக்கு, ‘வெப்சைட்டுல போடுங்க’ என்று ஒரே பதில்.

கோடையில் எங்கிருந்தோ எவனோ உள்ளே புகுந்து பொய்ப் பதிவுகளாகக் கொட்டிவிட்டுப் போனான். லிங்கராஜ் உடனே வெப்சைட்டுக்கு ஒரு பாதுகாப்புச் சேவையைக் காவல் வைத்தான். அதோடு நிறுத்தியிருந்தால் அவன் லிங்கராஜ் இல்லை. அந்தக் காவலை ஓர் ஆட்டோமேஷன் தளத்தோடு இணைத்தான். காவல்காரன் சந்தேகப்பட்டால் போதும். ஆள் வந்த இணைய முகவரிக்குக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். அண்ணாச்சியின் வாட்ஸ்அப்புக்கு, ‘தாக்குதல் முறியடிக்கப்பட்டது’ என்று செய்தி போகும். வாசகம் அவனுடையதே. பக்கத்தில் ஒரு வாள் படமும் வைத்திருந்தான்.

ஒரே முகவரியிலிருந்து ஒரே நேரத்தில் கதவை மொத்துமொத்தென்று மொத்தினால் அது தாக்குதல் என்றது இங்கிலீஷ் வழிகாட்டி. அதை எழுதியவர் ஊரில் மழை ஆளுக்கொரு நேரம் பெய்யும் போலிருக்கிறது. பசுவந்தனையில் எல்லோருக்கும் ஒன்றாகப் பெய்தது. எல்லோரும் ஒன்றாகப் போனை எடுத்தார்கள். ஊருக்கு ஒரே செல்போன் டவர். அதன் வழியாகப் போகும் அத்தனை போனும் வெளியே ஒரே முகவரியாகத் தெரியலாம் என்பதை லிங்கராஜ் படித்திருக்கிறான். நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணாச்சியோ கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் போனை நீட்டினார்.

“பாத்தீயளா, காலைலருந்து அடிச்சு வெரட்டிக்கிட்டே இருக்கான் நம்ம லிங்கராசு. எந்த நாட்டுக்காரனோ, விடாம வாரான்!”

மூன்றாம் நாள் பசுவந்தனையிலிருந்து வெயிலுகந்தம்மாள் பஸ் ஏறிக் கடைக்கு வந்தாள். கீழ்க்காடு, மேல்காடு என்று இரண்டு துண்டு கரிசல் வைத்திருப்பவள். லிங்கராஜின் மேசைமேல் போனை வைத்தாள். சிவப்பு எழுத்தில் ஒரு வரி: ‘நீங்கள் சந்தேகத்துக்குரியவர். திரும்பிச் செல்லவும்.’ அதுவும் லிங்கராஜின் வாசகம்தான்.

“ஏந்தம்பி, நான் என்னத்தக் களவாண்டேன்? எங்கூர்ல யாரு போன எடுத்தாலும் இதான் சொல்லுது. கோயில் பூசாரியக்கூட விடல உன் மிசினு.”

லிங்கராஜுக்கு இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது.

“எக்கா, அது என்னன்னா, டவரு...”

“கத கேக்க வரல. உளுந்து விதைக்கணும். இன்னிக்கு விட்டா மேக்காடு காஞ்சிரும். வண்டி உண்டா, இல்லையா?”

இல்லை. ஊரில் பல டவர் இருந்ததால் பூட்டில் சிக்காத புதூர்க்காரர்கள் நிம்மதியாகப் பதிந்து எல்லா வண்டியையும் கொண்டுபோயிருந்தார்கள். லிங்கராஜ் பூட்டைத் திறந்தான். அதற்கு ஒரு பட்டனை அமுக்கினால் போதும். பிறகு அண்ணாச்சி முன்னால் போய் நின்றான்.

“அண்ணாச்சி, தப்பு என்மேலதான். புதூர்லருந்து ஒரு வண்டிய மட்டும் பசுவந்தனைக்குத் திருப்பிவிடுவமா?”

“பாப்போம்ல.”

“விடுவமா, வேண்டாமா?”

“பாப்போம்னுதானல சொல்லுதேன்.”

“நீங்க மூணு நாளா வெரட்டுனது வெளிநாட்டுக்காரன இல்ல அண்ணாச்சி. பசுவந்தனையத்தான். அதுல உங்க சம்பந்தி வீடும் உண்டு.”

அண்ணாச்சி கையிலிருந்த போனைப் பார்த்தார். அத்தனை வாளும் அவரையே குத்துவதுபோல் இருந்திருக்க வேண்டும்.

“அதான் அவிய நேத்து நான் கூப்பிட்டும் எடுக்கலையால?” என்றவர், டிரைவர் சோலைமுத்துவைக் கூப்பிட்டார்.

வண்டி புதூரில் ஒரு காட்டை முடித்துக்கொண்டு மறுநாள்தான் வர முடிந்தது. லிங்கராஜும் பைக்கில் போனான். அங்கே அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆட்டோமேஷனை முன்பே திருத்தியிருந்தான்: இனிமேல் காவல்காரன் சந்தேகப்பட்டால் தானாகப் பூட்டாது, ‘பூட்டவா?’ என்று லிங்கராஜைக் கேட்கும். வாளையும் எடுத்துவிட்டான்.

கீழ்க்காட்டில் மண் கலப்பையில் அப்பிக்கொண்டு வந்தது. மேல்காட்டில் கட்டிகட்டியாக உடைந்தது. விவசாயம் தெரியாத லிங்கராஜுக்கே அது நல்லதாகப் படவில்லை.

“மொளைச்சிருமாண்ணே?” என்று சோலைமுத்துவைக் கேட்டான்.

“ஒரு தூத்தல் போட்டா போதும் தம்பி, ஜம்முனு வந்திரும்.”

பக்கத்துக் காட்டுக்காரரைக் கேட்டான். “மண்ணு மனசு வச்சா எல்லாம் நடக்கும்” என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். போனில் அண்ணாச்சியைக் கேட்டான். அவர் என்ன சொன்னார் என்பதை எழுத வேண்டியதில்லை. எல்லோரும் அவனிடம் அன்பாக இருந்தார்கள். யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது.

வெயிலுகந்தம்மாள் வரப்பில் நின்று காலி விதைச் சாக்கை உதறிக்கொண்டிருந்தாள்.

“எக்கா, மொளைக்குமா?”

அவள் மேல்காட்டுக் கட்டி ஒன்றை எடுத்து நசுக்கினாள். புழுதியாக உதிர்ந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“கீழ்க்காடு பூராவும் வரும். மேக்காட்டுல பாதி வராது. மொத நாளே வண்டி கெடச்சிருந்தா வந்திருக்கும். உன்னாலதான் போச்சு. இதக் கேக்கத்தான காலைலருந்து சுத்திச் சுத்தி வருத?”