கறுப்பு முளைகள்

தோணியைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கியபோதுதான் அக்கா அதைக் கண்டாள். முன்பக்கம் அவள், பின்பக்கம் அவள் தம்பி. எண்ணெய் பூசுவதற்காகப் பட்டறையிலிருந்து வெயிலுக்குக் கொண்டுவந்தார்கள். கவிழ்த்த தோணிக்குள் கும்மிருட்டாகத்தானே இருக்க வேண்டும்? அவள் கண்ணெதிரே மரம் சிவப்பாக வெளிச்சம் விட்டது, டார்ச்சை மூடிய உள்ளங்கை மாதிரி.

"கீழ இறக்கு," என்றாள். வாசலில் கிடந்த தாங்குகட்டைகள் மேல் அதை நிமிர்த்தி வைத்தார்கள்.

ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த தோணி. இருவரும் சொந்தமாகப் பட்டறை போட்டபின் வந்த முதல் வேலை. இது தேறினால்தான் ஆற்றங்கரையில் இன்னொருவர் நம்பி வருவார். செய்யச் சொன்னவர் ஒரு மீன்காரர். தன் இரண்டு பெண்களையும் இதில்தான் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகப் போகிறார். மறுநாள் எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

குடைகிறவளுக்கு மரத்தின் தடிமன் எப்படித் தெரியும்? வெளிப்பக்கம் முழுக்க ஓட்டை போட்டு, இரண்டு விரற்கடை நீளத்துக்கு நறுக்கிய கறுப்பு மரக்குச்சிகளை முளைகளாக அடித்துவிடுவார்கள். உள்ளே உளி போகப் போக, கறுப்பு நுனி தலைகாட்டும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. அக்கா ஒரு முளையைக்கூடத் தாண்டவில்லை. சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவாள்.

அப்புறம் மரம் எப்படி இவ்வளவு மெலிந்தது? தம்பியைப் பார்த்தாள். தாடியும் மீசையுமாக ஆள் என்னவோ மலை மாதிரிதான். செய்வதெல்லாம் தலைகால் புரியாத அவசரம். அவன் முகம் வெளிறிக் கிடந்தது. மென்று முழுங்கித்தான் சொன்னான். முளை அடித்த மறுநாள் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள் அல்லவா, அன்றைக்கு வெளிப்பக்கம் கரடுமுரடாக இருக்கிறதே என்று இழைப்புளியை எடுத்து மழமழவென்று சீவித் தள்ளியிருக்கிறான். மரத்தோடு முளையும் குட்டையாகிப்போனது அந்த மண்டையில் ஏறவே இல்லை. அக்காவுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று நினைத்தானாம். அடப்பாவி!

அவள் தோணியோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் குனிந்தான்.

"உள்ள கறுப்பா ரெண்டு பூச்சு கொடுத்துட்டா வெளிச்சம் தெரியாதுக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

மரம் வெளிச்சம் விட்டதைவிட இதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. தான் ஊட்டி வளர்த்த வாய்தான் இப்படிப் பேசுகிறதா என்று அவனையே வெறித்துப் பார்த்தாள். அவனோ தரையைப் பார்த்தான்.

எழுந்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"மீன்காரரோட சின்னப் பொண்ணு எப்படி ஏறுவா? குதிச்சுத்தானே?"

அவன் தடுக்க வருமுன் ஏறி, மெதுவாகத்தான் ஒரு குதி குதித்தாள். படக்கென்று ஒரு சத்தம். வலது கால் தோணியின் அடியை உடைத்துக்கொண்டு முழங்கால்வரை இறங்கிவிட்டது. இவ்வளவு லேசாக உடையும் என்று அவளே நினைக்கவில்லை. சிராய் கிழித்து ரத்தம் வடிந்தது. தம்பி அலறியடித்துக்கொண்டு தூக்க வந்தான். அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"போய் அவரைக் கூட்டிட்டு வா. நான் காலை எடுக்கமாட்டேன். இப்படியே வந்து பாக்கட்டும்," என்றாள்.