நேர்ச்சைக் கன்றும் மூன்று வெள்ளைப் புள்ளிகளும்

டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கன்றை அறுத்தாகிவிட்டது.

வஃபிய்யாவின் மார்பில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது என்று தெரிந்த அன்றே அவள் கணவர் ரித்வான் நேர்ந்துகொண்டார். புது மாத்திரை வேலை செய்து அடுத்த ஸ்கேன் நல்லபடியாக வந்தால் ஒரு கன்று அறுத்துத் தெருவுக்கே சோறு போடுவதாக. தமியாத் நகரில் கட்டில் பட்டறை வைத்திருப்பவர். அவர் வாக்குக் கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கி வரப் போனவன் அவருடைய தங்கை மகன் இஸாம். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருந்தது. இஸாம் அதைக் கைபேசியில் காட்டி, அது மொழிபெயர்த்துத் தந்ததை அரபியில் படித்தான். கல்லீரலில் இருந்தவை பாதியாகச் சுருங்கிவிட்டன என்ற வரி வந்ததும் அதற்கு மேல் படிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டான். கீழ் வீட்டிலிருந்த அவன் தாய் இன்ஸாஃப் படிக்கட்டில் நின்று குலவையிட்டாள். பதிலுக்கு எதிர்வீட்டிலும் குலவை எழுந்தது.

"நாளைக்கு டாக்டரைப் பார்த்துட்டு அறுக்கலாமே, ஹாஜி" என்றாள் வஃபிய்யா.

"நேர்ச்சையை நாள் கடத்துறது பாவம்டி. அல்லா குடுத்துட்டான், நாம கணக்குப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கலாமா?"

மகள் நஜ்லா தாயைக் கட்டிக்கொண்டாள். அவள் புருஷன் குவைத்தில் இருக்கிறான். கல்யாணமானதிலிருந்து இவளுக்காக அங்கே வீடு பிடித்து வைத்துக் காத்திருக்கிறான். தாயின் உடம்பைச் சொல்லி இரண்டு முறை பயணத்தைத் தள்ளிப் போட்டாயிற்று. "இந்த ஸ்கேன் நல்லா வந்தா வெள்ளிக்கிழமை ஏறிடுறேன்" என்று அவனிடம் சொல்லியிருந்தாள். போ, போ என்று அவளை விரட்டியதும் வஃபிய்யாதான். அப்படி விரட்டுகிறவள் சில வாரங்களாகத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து தொழுதாள். குனிந்தால் முதுகில் ஏதோ கவ்விப் பிடித்தது. அதை நஜ்லா பார்த்துவிடக் கூடாது என்றுதான் கதவு.

மறுநாள் பிற்பகலில் வஃபிய்யா, ரித்வான், நஜ்லா மூவரும் டாக்டர் மிர்வத்தின் அறையில் இருந்தார்கள். ரித்வானின் சட்டைக் கையில் கன்றின் இரத்தம் ஒரு துளி காய்ந்திருந்தது. டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் போன தடவைப் படத்தையும் இந்தத் தடவைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"கல்லீரல் நல்லா இருக்கு. மாத்திரை அங்க வேலை செய்யுது."

"அல்லாஹு அக்பர்!" என்று ரித்வான் எழுந்தே விட்டார்.

"உக்காருங்க ஹாஜி, இன்னும் முடியல." டாக்டர் படத்தை மேலே நகர்த்தினார். முதுகெலும்பு சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காக வந்தது. "இங்க பாருங்க. மூணு வெள்ளைப் புள்ளி. போன தடவை இது இல்ல."

"அப்ப புதுசா வந்திருக்கா?" நஜ்லாவின் குரல் இறங்கிவிட்டது.

"வந்திருக்கலாம். ஆனா புண்ணு ஆறினா பொருக்குத் தட்டும் இல்லையா? எலும்பு ஆறினாலும் இப்படித்தான் வெள்ளையாகும். முன்னாடியே அங்க இருந்து, கண்ணுல படாம இருந்தது, இப்ப ஆறுறதாலயே தெரியுதோ என்னவோ. இந்தப் படத்தை வெச்சு ரெண்டுல எதுன்னு சொல்ல முடியாது. ரிப்போர்ட்லயும் ரெண்டாம் பக்கத்துல அப்படித்தான் எழுதியிருக்கு."

"டாக்டர், நாங்க காலைல கன்னு அறுத்துட்டோமே!" என்றார் ரித்வான்.

"யார் அறுக்கச் சொன்னது?"

"இஸாம் சொன்னான், நல்லா வந்திருக்குன்னு."

"இஸாம் எந்த ஆஸ்பத்திரி?"

"கைபேசிக் கடை."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வஃபிய்யா பக்கம் திரும்பினார். "படம் சொல்லாததை உங்க முதுகு சொல்லணும், ஹஜ்ஜா. வலி முன்னைக்கு இப்ப எப்படி?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"புகழெல்லாம் அவனுக்குத்தான். நான் கேட்டது உங்க முதுகை."

"நல்லா இருக்கேன் டாக்டர். அல்ஹம்துலில்லாஹ்."

"என்கிட்ட வர்ற எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. சாகக் கிடக்கிறவங்களும் இதைத்தான் சொல்றாங்க. இதை வெச்சு நான் மருந்து எழுத முடியுமா, சொல்லுங்க?"

வஃபிய்யா பொய் சொல்லவில்லை. எப்படி இருக்கிறாய் என்று எவர் கேட்டாலும், ஜுரத்திலும் பிரசவத்திலும், அவள் வாய் தானாகச் சொல்லும் பதில் அது. ஆனால் அந்தப் பதிலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவள் பார்த்தே நெடுநாளாயிற்று. வலி கூடியிருக்கிறதா? கூடியிருக்கிறது. நோயாலா, பஞ்சு அழுந்திப்போன மெத்தையாலா, அல்லது பயமே முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

கூடியிருக்கிறது என்றால் மறுபடி நரம்பில் ஏற்றும் மருந்து, வாந்தி, முடி உதிர்வது. நஜ்லா பெட்டியை அவிழ்த்துவிடுவாள். குறைந்திருக்கிறது என்றால் வெள்ளிக்கிழமை விமானம். அதன் பிறகு அறைக் கதவைச் சாத்த வேண்டிய அவசியமே இருக்காது. பார்த்துவிடுவதற்கு அங்கே யார் இருக்கப் போகிறார்கள்?

மூன்று முகங்களும் அவளையே பார்த்தன. எழுந்து வெளியே போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் நாற்காலியிலிருந்து எழ யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிடித்தால் அதுவே பதிலாகிவிடும்.

"நாற்காலியில உக்காந்து தொழறேன்" என்றாள்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டது டாக்டர் இல்லை, நஜ்லா.

"ரஜப் மாசம் பிறந்ததுலேர்ந்து."

ரித்வான் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் எழுந்து வந்து அவள் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக விரலால் தட்டினார். ஓரிடத்தில் வஃபிய்யாவின் மூச்சு நின்றது. கால் மரத்துப் போகிறதா, படியேறும்போது தடுமாறுகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்டார். இந்த முறை அவள் ஒவ்வொன்றுக்கும் யோசித்து, இல்லை, இல்லை, சரியாகப் போகிறது என்றாள்.

"வலி கூடியிருக்குன்னதும் மோசம்னு முடிவு கட்டாதீங்க" என்றார் டாக்டர். "ஆறுற எலும்பும் சில சமயம் வலிக்கும். கல்லீரல்ல கேட்கிற மாத்திரையை நான் இப்ப நிறுத்த மாட்டேன். வலிக்குத் தனியா எழுதித் தர்றேன். கால் மரத்தாலோ நடை தடுமாறினாலோ அன்னிக்கே ஓடி வாங்க. இல்லன்னா ரெண்டு மாசத்துல அடுத்த ஸ்கேன்."

"அதுல தெரிஞ்சிடுமா?" என்றாள் நஜ்லா.

"தெரியலாம்."

"அதுவரைக்கும் நாங்க சந்தோஷப்படலாமா கூடாதா?" ரித்வான் உண்மையாகவே கேட்டார்.

"கல்லீரலுக்கு மட்டும் படுங்க, ஹாஜி."

வீடு திரும்பியபோது தெரு முழுக்கக் கறி வாசனை. பட்டறை வாசலில் நீளப் பலகை போட்டு, சாறில் ஊறிய ரொட்டியும் சோறும் கறியுமாகத் தட்டுத் தட்டாகப் போய்க்கொண்டிருந்தது. காரைக் கண்டதும் பெண்கள் குலவையிட்டார்கள். இன்ஸாஃப் ஓடி வந்து வஃபிய்யாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "கண்ணு பட்டுடப் போகுது, முகத்தைப் பாரு, ரோஜாவாட்டம்!" ரித்வான் தங்கையிடம் எதையோ சொல்ல வாயெடுத்து, சுற்றியிருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கரண்டியை வாங்கிப் பரிமாறத் தொடங்கினார். கன்று போய்விட்டது. அதைத் திரும்பப் பெற முடியாது.

நேர்ந்த வீட்டார் நேர்ச்சைக் கறியைத் தொடக் கூடாது. அதனால் மாடியில் தாயும் மகளும் சமையலறையில் உட்கார்ந்தபடி ரொட்டியும் உப்புப் பாலாடைக்கட்டியும் தின்றார்கள். நஜ்லா ரொட்டியைப் பிய்த்தாள். வாயில் வைக்கவில்லை.

"யம்மா, நான் கேக்கிறதுக்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிடாத. போகவா, வேண்டாமா?"

"டாக்டர்தான் சொன்னாங்களே, ரெண்டு மாசத்துல..."

"டாக்டரை விடு. குவைத்துல அவர், இந்தத் தடவையும் தள்ளிப் போட்டா இனி வரச் சொல்லிக் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. நீ சொல்லு."

போ என்ற சொல் தயாராக இருந்தது. அதை எத்தனையோ முறை சொன்னவள் அவள். அப்படிச் சொல்லி, மகள் போகாமல் பயணத்தைத் தள்ளிய இரவுகளில் மட்டும் தான் நிம்மதியாகத் தூங்கியதும் அவளுக்குத் தெரியும்.

"இரு" என்றாள்.

நஜ்லா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. "சரி" என்று கைபேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

உள்ளேயிருந்து பார்த்தால் உதடு அசைவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. கீழே குலவைச் சத்தம். நஜ்லா பேசினாள், நிறுத்தினாள், நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டாள். தாய் எழுந்து போய்க் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டி, இருக்க வேண்டாம், கிளம்பு என்று சொன்னால் போதும். பால்கனி நாலடி தூரத்தில்தான் இருந்தது.

வஃபிய்யா எழவில்லை. முதுகு வலித்தது. வலியால்தான் எழவில்லையா என்று யாராவது கேட்டால் அதற்கும் அவள் வாய் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொல்லும்.