பாதியில் நின்ற வாழ்த்து

என் மூத்த மகள் செல்லாயியின் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் மாட்டுக்கொட்டகையில் வெள்ளைச் சேலையோடு நின்றிருந்தேன். புருஷனை இழந்தவள் பந்தலுக்குள் வரக் கூடாது என்பது எங்கள் கரட்டுப்பாளையத்தின் சட்டம். எருமைகளுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. அன்று காலைகூட ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு தாராளமாகப் பந்தலுக்குள் போய், கட்டியிருந்த வாழை மரத்தைக் கடித்துவிட்டு வந்தது.

பார்க்க முடியாவிட்டால் என்ன, கேட்கலாம் அல்லவா? எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் ஊர் நாவிதர் மணமேடையில் நின்று வாழ்த்துப் பாடுவார். ஒவ்வோர் அடி முடிந்ததும் மேளக்காரர் ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். பந்தல் போட்டது, மாப்பிள்ளை வந்தது, பெண்ணை அலங்கரித்தது என்று கல்யாணம் முழுவதும் வரிசை தப்பாமல் அந்தப் பாட்டுக்குள் வந்துவிடும். எங்கள் நாவிதர் செங்கோடனுக்கு வெண்கலக் குரல், நாலு காடு தள்ளிக் கேட்கும். அதனால் கொட்டகையில் எனக்கு அழுகை வரவில்லை. மாப்பிள்ளை வந்துவிட்டார், ஒரு தட்டு. பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள், ஒரு தட்டு. என் மகளை அந்தப் பாட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று பாட்டு நின்றது. மேளக்காரர் மட்டும் பழக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அசடு வழிய நிறுத்தியிருக்க வேண்டும்.

"சாமிகளே, கோவிச்சுக்காதீங்க" என்று செங்கோடன் குரல் கேட்டது. "பொண்ணப் பெத்தவ கண்ணு குளிரப் பாத்தாள்னு இந்த எடத்துல பாடோணும். பெத்தவளக் கொண்டுபோயி மாட்டுக்கொட்டாயில நிறுத்திப்போட்டு நான் எப்பிடிங்க அதப் பாடறது? பொய்யப் பாடி வாழ்த்துனா பலிக்காதுங்க. அந்த ஆத்தாளக் கூட்டியாறச் சொல்லுங்க. மிச்சத்தப் பாடறேன்."

பந்தல் கொதித்துவிட்டது. யாரோ வெற்றிலைத் தட்டை வீசிய சத்தம் கேட்டது. "காங்கிரசுக் கூட்டத்துக்குப் போயிப் போயி இவனுக்கு வாயி நீண்டுபோச்சு" என்று ஒருவர் கத்தினார். மேடையை விட்டு இறக்கு, ஊரை விட்டுத் துரத்து என்று ஆளாளுக்குக் கூச்சல். என் புருஷனின் அண்ணன் நாச்சிமுத்துதான் ஊர்க்கவுண்டர், ஊருக்குத் தலைவர். "பாட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். தாலியக் கட்டுங்க" என்றார். மிச்ச வாழ்த்து இல்லாமலே தாலி ஏறியது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் செங்கோடன் மேல் எல்லோரையும்விட அதிகமாகக் கோபப்பட்டவள் நான்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டானா? நான்கு ஊர்ச் சனத்துக்கு முன்னால் என் பேரை இழுத்துவிட்டான். சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்பது போலப் பெண்டுகள் கொட்டகையை எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பயம் வேறு. அமங்கலி பார்வை பட்டால் ஆகாது என்று ஊரார் சொல்லிச் சொல்லி, அதை நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

அன்று மாலையே ஊர் கூடியது. செங்கோடனை இனி எவரும் எந்தக் காரியத்துக்கும் கூப்பிடக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் போய், கடைவீதியில் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் வாங்கிப் போட்டு சலூன் வைத்துவிட்டான்.

கோபத்தில் ஊர் ஒன்றை மறந்துபோயிற்று. ஓர் ஊர் நாவிதர் இன்னோர் ஊருக்குள் தொழிலுக்கு வர மாட்டார். அது அவரவர் காணி, வழிவழியாக வந்த உரிமை. பக்கத்து ஊர்க்காரரைக் கூப்பிட்டதற்கு, "செங்கோடன் காணியில நான் காலு வெச்சா எங்காளுக என்னயத் தள்ளி வெச்சுருவாங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டார். ஆண்பிள்ளைகள் எல்லோரும் துக்கம் காப்பவர்கள் மாதிரி தாடியோடு திரிந்தார்கள். கடைசியில் நாச்சிமுத்துவே, "கட்டுப்பாடு ஊருக்குள்ளதான்" என்று ஒரு வழி கண்டுபிடித்தார். அப்புறம் திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் செங்கோடனின் கத்திக்கே கழுத்தை நீட்டிவிட்டு, மழமழவென்று திரும்பி வந்தார். ஊரில் யாரும் அதைப் பார்த்தது போலக் காட்டிக்கொள்ளவில்லை.

தாடிக்கு வழி கிடைத்தது, வாழ்த்துக்குக் கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் சேலத்திலிருந்து கிராமபோன் பெட்டி கொண்டுவந்து வைத்தார்கள். அது பாட்டுக்கு நாடகப் பாட்டாகப் பாடித் தள்ளியது. "இதுல எம்பட பொண்ணு பேரு எப்ப வரும்?" என்று பெண்ணின் தாய் முகூர்த்தம் முடிகிற வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் என் சின்ன மகள் ராசாத்திக்கு நாமக்கல் பக்கம் ஒரு வரன் கூடி வந்தது. மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் அந்தப் பையனைப் பார்த்ததிலிருந்து ராசாத்தி சோற்றில் உப்பைக்கூட மறந்துவிட்டுச் சமைத்தாள். எனக்கும் பரம சந்தோஷம். ஆனால் சம்பந்தி வீட்டார் பிடிவாதமாக ஒன்று சொன்னார்கள். "முழு வாழ்த்தும் பாடுனாத்தானுங்க தாலி. பாதிப் பாட்டுல பொண்ணெடுக்க மாட்டமுங்க."

"அவன் சபையில மன்னிப்புக் கேட்டுப்போட்டுப் பாடட்டும்" என்றார் நாச்சிமுத்து. அதைச் செங்கோடனிடம் யார் சொல்வது? கத்தி கழுத்தில் இருக்கும்போது அந்தப் பேச்சை எடுக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. வண்டி பூட்டிக்கொண்டு நானே போனேன்.

என்னைப் பார்த்ததும் செங்கோடன் துண்டை உதறி நாற்காலியைத் துடைத்தான். நான் உட்காரவில்லை. மனசில் கிடந்ததை முதலில் கொட்டினேன்.

"ஏப்பா செங்கோடா, என்னய ஒரு வார்த்த கேக்காம எதுக்கு என்ற பேரச் சபையில இழுத்த?"

"கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பீங்க ஆத்தா."

பேச்சை மாற்றினேன். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"மன்னிப்புத்தானுங்களா? தாராளமாக் கேக்கறேன்" என்றான். "கல்யாணத்த நிறுத்துனது தப்புத்தானுங்க. அந்தப் பொண்ணு மொகம் இன்னும் கண்ணுலயே நிக்குது. ஆனா ஒண்ணுங்க ஆத்தா, அந்த எடம் வந்தா இப்பவும் எனக்கு வாயி வராது. மறுபடியும் நின்னுதான் போவேன். முன்னாடியே சொல்லிப்போட்டேன். அப்பறம் உங்க இஷ்டம்."

வண்டியில் திரும்பும்போது அவனை வாய்விட்டுத் திட்டினேன். மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. அவன் நின்றால் ராசாத்தியின் கல்யாணம் நின்றுவிடும். அவன் நிற்காமல் இருக்க வேண்டுமானால் நான் கொட்டகையை விட்டு வெளியே வர வேண்டும். வந்து, பிற்பாடு பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? பாதிப் பாட்டில் கல்யாணமான செல்லாயி ஆண்பிள்ளை பெற்று நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, "மன்னிப்புக் கேக்கறேன்னு சொல்லீட்டானுங்க" என்று நாச்சிமுத்துவிடம் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று செங்கோடன் மேடையேறிக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டான். ஊர் திருப்தியாகத் தலையை ஆட்டியது. பாட்டு ஆரம்பித்தது. நான் அதே கொட்டகையில், அதே எருமைகளோடு. மாப்பிள்ளை வந்துவிட்டார், ஒரு தட்டு. பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள், ஒரு தட்டு. அந்த இடம் நெருங்கியது. செங்கோடன் பாட்டை இழுக்கத் தொடங்கினான். எனக்காகத்தான் இழுக்கிறான் என்று தெரிந்தது. அவனுக்கும் பயம்தான், பாவம்.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். வாசலைத் தாண்டிப் பந்தலுக்குள் போனேன். சனம் தன்னால் விலகியது. யாரோ "அய்யய்யோ" என்றார்கள். நாச்சிமுத்து எழுந்து வாயைத் திறந்தார்.

"பாட்டுக்கு நடுவுல பேசாதீங்க சம்பந்தி" என்று மாப்பிள்ளையின் அப்பா அவரை அடக்கினார். "இந்த வாட்டியும் பாதியில நின்னு போகும்."

திறந்த வாயை நாச்சிமுத்து அப்படியே மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் தாயார் பாயில் கொஞ்சம் நகர்ந்து, "நிக்காதீங்க, உக்காருங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தேன். பெண்ணைப் பெற்றவள் கண் குளிரப் பார்த்தாள் என்று செங்கோடன் பாடினான். மேளத்தில் ஒரு தட்டு விழுந்தது. ராசாத்தி குனிந்த தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். மணப்பெண் அப்படிச் சிரிக்கக் கூடாதுதான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாழ்த்து கடைசி வரை ஒழுங்காக முடிந்தது. செங்கோடன் மேடையை விட்டு இறங்கப் போனான். அப்போது செல்லாயி இடுப்பில் பிள்ளையோடு எழுந்தாள். புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மேடைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவர் வெட்கத்தில் நெளிந்தார்.

"என்ற கல்யாணத்துப் பாட்டு இன்னும் பாதியிலதான் நிக்குது" என்றாள். "மிச்சத்தப் பாடிக் குடுத்துப்போட்டுப் போங்க."

பந்தலில் சிரிப்பு கிளம்பியது. நாச்சிமுத்துகூட மழமழவென்றிருந்த தாடையைத் தடவிக்கொண்டு சிரித்தார். மேளக்காரர், "அந்த அடிக்கு நான் அப்பவே தட்டிப்போட்டனுங்க" என்றார்.

"இன்னொருக்காத் தட்டு, ஒண்ணுங் கொறஞ்சு போயிராது" என்றான் செங்கோடன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து, பெண்ணைப் பெற்றவள் கண் குளிரப் பார்த்தாள் என்று ஆரம்பித்தான்.

பார்த்தேன். செல்லாயியின் தாலியை என் பேரன் கைக்குள் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.