ஜவாஹிர் கூட்டிவந்த சாட்சி

ஜவாஹிர் தன் மனைவி முனவ்வராவைக் கராஜுக்குக் கூட்டிப்போனது சண்டை பிடிக்கத்தான். மரக்கறி லொறி ஓட்டும் அவனுக்குத் தம்புள்ளைச் சந்தையில் வாய் நன்றாகவே வேலை செய்யும். லொறியைத் திருத்தும் ஞானரட்ணம் பாஸுக்கு முன்னால் மட்டும் அது அடைத்துக்கொள்ளும். அவர் ஏதாவது ஒரு போல்ட்டைத் தூக்கிக் காட்டுவார். இவன் தலையாட்டிவிட்டு வந்துவிடுவான். முனவ்வரா அப்படியில்லை. அவளிடம் தோற்காத புடவைக்கடை மாத்தளை டவுனில் ஒன்றுகூடக் கிடையாது.

அவள் வாசலிலேயே தொடங்கிவிட்டாள்.

"பாஸ், ஒங்கள நம்பித்தானே வண்டிய விட்டோம்? புதுசா போட்ட கேஸ்கட் ரெண்டு மாசம் தாங்கல்ல. நாலந்த ஏத்தத்துல வெள்ளப் பொகைய கக்கிட்டு நின்டுட்டு. சாமான் போலியா, இல்ல ஒங்கட கை போலியா?"

ஜவாஹிருக்கு உள்ளம் குளிர்ந்தது. ஒரு பழைய டயரின் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டான்.

ஞானரட்ணம் கோபப்படவில்லை. எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டை ஏற்கெனவே கழற்றி மேசையில் வைத்திருந்தார். "தங்கச்சி, கேஸ்கட் செத்துப்போச்சு, உண்மதான். எப்படி செத்திச்சின்னு பாத்துட்டு அப்புறமா திட்டுங்க. பிழை என் பக்கம்னா நானும் ஒங்களோட சேந்து திட்டுறேன்."

ஹெட்டுக்கு அடியில் வைக்கும் அந்தக் கருகிப்போன கேஸ்கட் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் இரண்டு சிலிண்டர்களுக்கு இடையே தீ தின்றிருந்தது. "போல்ட்டை ஒழுங்கா இறுக்காம விட்டிருந்தா ஓரத்துல ஒழுகின தடம் இருக்கும். இல்ல." பிறகு நேரான இரும்புச் சட்டமொன்றை ஹெட்டின் மேல் வைத்து முனவ்வராவைக் குனிந்து பார்க்கச் சொன்னார். சட்டத்துக்குக் கீழே நடுவில் வெளிச்சம் தெரிந்தது. "போன தடவ லேத்துல குடுத்து மட்டமாக்கித்தான் பூட்டினேன். இப்ப வளைஞ்சிருக்கு. எஞ்சின் பயங்கரமா கொதிச்சிருக்கு. கொதிச்சா எந்தக் கேஸ்கட்டும் கருகும். ஏன் கொதிச்சதுங்கறதுதான் கேள்வி."

"அப்படிக் கேளுங்க!" என்றாள் முனவ்வரா. கட்சி மாறியது அவளுக்கே தெரியவில்லை. "ஏன் கொதிச்சிச்சி?"

ஜவாஹிர் டயரிலிருந்து எழுந்தான். "சரி முனவ்வரா, போதும். லுஹர் தொழுகைக்கு நேரமாகுது, வா போவம்."

"பாங்கு சொல்ல இன்னும் எவ்வளவோ நேரம் ஈக்கி. இரிங்க."

ஞானரட்ணம் ரேடியேட்டரின் வாயில் தண்ணீர்க் குழாயைச் செருகினார். கீழே கொட்ட வேண்டிய தண்ணீர் மேலேயே பொங்கி அவர் செருப்பை நனைத்தது. கீழ்க்குழாயைக் கழற்றிக் கம்பியால் ஒரு குத்துக் குத்தினார். களிபோல் ஒரு கட்டி பொத்தென்று கீழே வைத்திருந்த பேசின் பாத்திரத்துக்குள் விழுந்தது. கராஜ் முழுக்கக் கறி மணத்தது.

களி மஞ்சள் நிறமாக இருந்தது.

நடந்தது இதுதான். போன தடவை எஞ்சினைப் பூட்டிக் கொடுத்தபோதே ரேடியேட்டர் லேசாகக் கசிவதைக் காட்டி, மாற்றிவிடச் சொல்லியிருந்தார் பாஸ். பார்ப்போம் என்று வந்துவிட்டான் ஜவாஹிர். தம்புள்ளையில் தக்காளி வாங்கும் பஸீர், ஒரு கரண்டி மஞ்சள் தூள் போட்டால் கசிவு அடைபட்டுவிடும் என்றான். ஒரு கரண்டியே கேட்கும் என்றால் அரை டின் எப்படிக் கேட்கும் என்று ஜவாஹிர் யோசித்தான். முனவ்வரா அசந்த நேரம் பார்த்துக் குசினியில் மஞ்சள் போட்டு வைத்திருந்த பால்மா டின்னைத் திறந்தான். அவள் தன் கையால் அவித்துக் காயவைத்து இடித்த மஞ்சள். கசிவு நின்றது. அதோடு தண்ணீர் ஓட்டமும் நின்றது.

அதே கிழமைதான் அவன் தங்கை றுஸ்னா கலேவெலயிலிருந்து வந்து போயிருந்தாள். டின் குறைந்ததைக் கண்ட முனவ்வரா யாரையும் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் றுஸ்னாவுக்கு ஸலாம்கூடச் சொல்லவில்லை. ஜவாஹிர் எல்லாவற்றையும் பார்த்தபடி புரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது முனவ்வரா களியை ஒரு விரலால் தொட்டாள். மோந்தாள். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவளை இப்படி வாய் மூடி ஜவாஹிர் பார்த்ததில்லை.

"எவ்வளவு போட்டீங்க?"

"அ… அரை டின்."

"அரை டின்னா!" ஞானரட்ணம் வாய்விட்டுச் சிரித்தார். "ஜவாஹிர் நானா, அது ரேடியேட்டர். கறிச்சட்டி இல்ல!"

முனவ்வரா கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, றுஸ்னாவுக்கு அழைப்பைப் போட்டு, சத்தம் வெளியே கேட்கும்படி அழுத்தி அவன் கையில் திணித்தாள். "சொல்லுங்க."

"றுஸ்னா… அந்த மஞ்சள்… நான்தான் எடுத்தன். லொறிக்கி."

அந்தப் பக்கம் விம்முவதுபோல் சத்தம் கேட்டது. ஜவாஹிருக்கு நெஞ்சு உருகியது. "அழாத தங்கச்சி."

"அழல்ல நானா, சிரிக்கிறன். அல்லாஹ்வே! மதினி என்ன கள்ளியாக்கின எண்டு நானும் எவ்வளவு கவலப்பட்டன்." பிறகு குரல் தாழ்ந்தது. "நீங்க உண்மய சொன்னபடியால நானும் சொல்றன். மதினிக்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. மஞ்சள நான் தொடல்ல. ஆனா அண்டைக்கி அந்த ஏலக்காய்ப் போத்தல நான்தான் எடுத்துக்கொண்டு வந்தன்."

முனவ்வரா ஃபோனைப் பறித்தாள். "ஏலக்காயா? அடியே, அது போனதே எனக்கு இன்னும் தெரியாதேடி!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள். அதன்பின் ஃபோன் அவன் கைக்குத் திரும்பி வரவேயில்லை.

ஞானரட்ணம் ஒரு வாளியையும் கம்பியையும் ஜவாஹிரிடம் நீட்டினார். "இந்தப் பழசு இனி ஆகாது நானா, வேற போடணும். ஆனா எஞ்சினுக்குள்ள போயிருக்கற மஞ்சளையும் கழுவணும். நீங்களே கழுவுங்க. அப்பதான் மனசுல நிக்கும்."

ஜவாஹிர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தான்.

அடுத்த கிழமை, புது ரேடியேட்டரோடும் மறுபடி மட்டமாக்கிய ஹெட்டோடும் லொறி நாலந்தை ஏற்றத்தைக் கொதிக்காமல் ஏறியது. கலேவெலவுக்கு விருந்துக்குப் புறப்பட்ட முனவ்வரா பக்கத்து சீட்டில் இருந்தாள். ஏற்றம் முடியும்வரை அவள் வாய் ஓயவில்லை. ஜவாஹிர் சூடு காட்டும் முள்ளிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றான்.