அடைத்த ஓட்டை

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பூந்தமல்லி காயலான் கடையில் கிடைத்தது. தீப்பெட்டி அளவில், பெட்ரோல் ஊற்றும் ஒரு தகர டாங்கி. அடியில் ஒரு ஓட்டை, ஈயம் பற்றவைத்து அடைத்தது. பக்கச் சுவரில் இன்னொன்று, திறந்தது. யாரோ தன் தப்பைத் திருத்தியிருக்கிறான். மற்றதெல்லாம் என் கற்பனை, ஆகவே நம்பலாம்.

2.
முதல் வரி: 1946. ஆவடியின் மேல் செஞ்சூரியன் மெல்ல... (வேண்டாம். சூரியனுக்கு இக்கதையில் வேலை இல்லை.)

கோதண்டத்துக்கும் வேலை போகப்போகிறது. யுத்தம் முடிந்துவிட்டது, பட்டாளக் கிடங்கில் பம்ப் ஸ்டவ் பழுதுபார்க்க இனி ஆள் எதற்கு? அங்கே ஒரு துரை*, பொம்மை விமானத்தை இரண்டு கம்பிகளில் கட்டித் தன்னைச் சுற்றிப் பறக்கவிடுபவர். நிற்காமல் பத்துச் சுற்று பறக்க ஒரு டாங்கி செய்து கொடுத்தால் வேலை நிலைக்கச் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொன்னார். சாம்ராஜ்யம் கைவிட்டுப் போகிறது. அவருக்குப் பொம்மை கவலை.

கோதண்டம் அறிந்த ஒரே டாங்கி ஸ்டவ்வினுடையது. எஞ்சின் தள்ளும் காற்றைக் குழாய் வழியே டாங்கிக்குள் திருப்பி அழுத்தம் ஏற்றினான். பெட்ரோல் குழாயை அடியில் வைத்தான். எண்ணெய் அடியில்தானே கிடக்கும்? சோப்பு நீரில் அமுக்கிப் பார்த்தான். ஒரு குமிழி இல்லை.

மூன்றாம் சுற்றில் எஞ்சின் நின்றது. விமானம் புல்லில் குத்தியது.

(* துரையின் பெயரைக் கேட்காதீர்கள். அவரும் கோதண்டத்தின் பெயரைக் கேட்கவில்லை. கடிதத்தில் போடவாவது கேட்பார்.)

3.
"தொரை சனிக்கெழம கப்பலேறாரு. நீ இன்னும் குமிழி பாத்துகினு கீறியே!" என்றாள் மனைவி பொன்னம்மாள்.

"எங்கியும் ஒழுகலடி. அழுத்தம் நல்லாத்தான் கீது."

"அப்போ அதுக்கு உம்மேல கோவம் போல."

4.
இங்கே ஞானோதயம் வரவேண்டும். அவன் உள்ளத்தில் சட்டென்று ஒரு... (எனக்கே வந்ததில்லை, அவனுக்கு எப்படிக் கொடுப்பது?)

இருவரையும் பஸ்ஸில் ஏற்றுகிறேன். அவன் மடியில் மண்ணெண்ணெய் டின். நசரத்பேட்டை வளைவில் பஸ் திரும்ப, வெளிப்பக்கம் உட்கார்ந்திருந்த பொன்னம்மாளின் சேலை நனைந்தது.

"யோவ்! டின்னு நேராத்தான கீது? எண்ணெ ஏன் எம்மேல பாயுது?"

கோதண்டம் டின்னுக்குள் குனிந்து பார்த்தான். ஆவடி வரும்வரை, ஒவ்வொரு வளைவிலும் எண்ணெய் வெளிப்பக்கம் ஒதுங்குவதைப் பார்த்தான். (அந்தப் பார்வையை நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன்.)

5.
சனிக்கிழமை காலை. அடி ஓட்டையை அடைத்து, வட்டத்தின் வெளிப்பக்கச் சுவரில் குழாயைப் பொருத்திவிட்டான். சோப்பு நீரை மறந்தான்.

விமானம் சுற்றுகிறது. பறந்திருந்தால் டாங்கி துரையோடு கப்பலேறியிருக்குமே, காயலான் கடைக்கு எப்படி வந்தது என்பார் புத்திசாலி வாசகர். கோதண்டம் கழற்றி மடியில் முடிந்துகொண்டிருப்பான் என்பேன் நான்.

வேலியோரம் பொன்னம்மாள் விரல் மடக்கி எண்ணுகிறாள். ஒன்பது மடங்கிவிட்டது. நீட்டியிருப்பது ஒரு கட்டைவிரல். எஞ்சின் இருமுகிறது. அதை நான் மடக்கமாட்டேன். உங்களுக்குத் தைரியம் இருந்தால் மடக்குங்கள்.